ஒன்பதாம் மாத ஊசியும் ஒரு நாள் சம்பளமும்



வழக்கமாக நான் பழைய ஆண்டு விழா படங்களும், யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் வாழ்த்தும் போடுவேன். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். என் வகுப்பில் 40 நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜா பஸ் ஸ்டாண்டில் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். இப்போது சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சளிக்கு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்ததால் கையில் தாய் சேய் அட்டையும் இருந்தது. டீச்சர் புத்தி எங்கே போகும்? ரேங்க் கார்டு வாங்கிப் பார்ப்பதுபோல வாங்கிப் பார்த்தேன்.

பிறந்த அன்று போட்ட பி.சி.ஜி. இருக்கிறது. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் எல்லாம் தேதி போட்டு சுத்தமாக இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் கட்டங்கள். குழந்தைக்கு 15 மாதம்.

"ஏம்மா, ஒன்பதாம் மாசத்து ஊசி என்னாச்சு?" என்றேன்.

"புதன்கெழமைதானே டீச்சர் போடறாங்க. லீவு போட்டா அன்னிக்கி சம்பளம் போவும். மாசம் ஒரு நாள் கூட லீவு போடாம போனாத்தான் அட்டெண்டன்ஸ் பணம் தருவாங்க, அதுவும் போயிடும். ஊசி போட்டா ராத்திரி ஜுரம் வரும், மறுநாளும் போவ முடியாது. இன்னா டீச்சர் பண்றது?"

"உங்க மாமியார் தூக்கிட்டுப் போவக் கூடாதா?"

"அவங்களுக்கு வாட்ஸ்அப்ல யாரோ பேசினதக் கேட்டதிலேர்ந்து பயம். வேற எந்த ஊசி வேணா போட்டுக்கோ, அம்மை ஊசி மட்டும் வேணான்றாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தக் குரல் பதிவு நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் வந்தது. அனுப்பியவர் படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். கீழே ஆறு பேர் கை கூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் கேட்டுவிட்டு, எதற்கு வம்பு என்று ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு நாளாக அந்த அட்டை கண் முன்னால் நிற்கிறது. அதனால் இதை எழுதுகிறேன். தடுப்பூசி விட்டுப்போனால் நாம் உடனே "படிக்காத ஜனங்க, விழிப்புணர்வு இல்ல" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வு இல்லையா? மூன்று தவணையும் தேதி தவறாமல் போட்டவள் அவள். அவளிடம் இல்லாதது ஒரு புதன்கிழமை. அதைக் கொடுக்கக்கூடிய இடத்தில் நம்மில் பல பேர் இருக்கிறோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். சட்டப்படி மகப்பேறு விடுப்பு முன்பு 12 வாரம். 2017-ல் அதை 26 வாரம் ஆக்கினார்கள், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் குழந்தை பிறந்த பிறகு மிஞ்சுவது 18 வாரம். 6, 10, 14 வாரத்து ஊசிகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அம்மா வீட்டில் இருக்கிறாள், தூக்கிக்கொண்டு போகிறாள், போட்டுவிடுகிறாள். அடுத்த ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும். அதாவது ஏறக்குறைய 39-வது வாரம். அப்போது அம்மா கம்பெனி வேனில் ஏறிப் போய் பல வாரம் ஆகியிருக்கும். குழந்தை பாட்டியிடம். அதற்கடுத்தது 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். அதுவும் அப்படித்தான்.

இப்போது அந்த அட்டை ஏன் சரியாக பதினாலாவது வாரத்தோடு நின்றுபோனது என்று புரிகிறதா? அந்தப் பெண்ணின் அக்கறை நிற்கவில்லை. விடுப்பு நின்றுபோனது.

இதுவாவது கம்பெனியில் வேலை. ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்கள் எத்தனை பேர்! ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களுக்கு எந்த விடுப்பும் இல்லை. ஊசி போட்டு ஜுரம் வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊசி நூல் பிடிக்க முடியுமா? அன்றைக்குத் தைக்காத ஜோடிக்கு அன்றைக்குக் காசு இல்லை.

சரி, ஒரு ஊசி தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் பெரிய அண்ணனை உறவுகள் எல்லோருக்கும் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளையாம். இரண்டு வயதில் மூன்று நாள் ஜுரம். நான்காம் நாள் எழுந்து நிற்க வைத்தால் வலது கால் துவண்டு விழுந்ததாம். இளம்பிள்ளை வாதம். அம்மா சாகும்வரை, "அன்னிக்கு நான் இன்னொரு டாக்டர் கிட்ட ஓடியிருந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எந்த டாக்டரிடம் ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வந்தபின் அதற்கு மருந்து இல்லை, வராமல் தடுக்கத்தான் மருந்து. அந்தச் சொட்டு மருந்து அன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சேரவில்லை.

அந்த நோயை ஒழித்ததில் நம் மாவட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்த மூன்று தவணைச் சொட்டு மருந்து நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்பதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர். பிறகு 1995-ல் நாடு முழுவதும் போலியோ ஞாயிறு வந்தது. என் மாணவர்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்து பெஞ்சை வெளியே போட்டு, சுண்டு விரலில் மை வைத்து அனுப்புவோமே! இந்தியாவில் கடைசி போலியோ குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அன்று என் அண்ணன் செய்தித்தாளை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

அடுத்து அம்மை. 1984-ல் எனக்கு முதல் வேலை ஒரு சின்ன கிராமத்தில். கோடையில் தட்டம்மை, நம் பக்கத்தில் மணல்வாரி என்பார்களே, அது தெருத்தெருவாகப் போகும். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றி பிள்ளையை எழுப்புவார்கள். வேப்பிலையை நான் குறை சொல்லமாட்டேன். நோய் வந்த வீட்டுக்குள் யாரும் நுழையாமல் இருக்க அந்த வேப்பிலை உதவியது. ஆனால் தண்ணீர் ஊற்றிய பிறகும் சில பிள்ளைகள் தேறாது. சளி நெஞ்சில் இறங்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, கண் மங்கும். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வாரம் கழித்து வந்தான். "தம்பி எப்படிடா இருக்கான்?" என்றேன். "பொதைச்சிட்டாங்க டீச்சர்" என்றான். ஏழு வயதுகூட ஆகாத பிள்ளை, சாக்பீஸ் கேட்கிற மாதிரி சொன்னான். தட்டம்மை ஊசி அரசுத் திட்டத்தில் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1985-ல்.

அதனால்தான் அந்த ஒன்பதாம் மாத ஊசி. ஏன் பிறந்தவுடனே போடக்கூடாது என்று ஒரு மாணவி முன்பு கேட்டாள். நல்ல கேள்வி. தாயின் உடம்பிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் சில மாதங்கள் இருக்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே அழித்துவிடும், குழந்தையின் உடம்பு ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அது குறைந்த பிறகு, நோய் பிடிப்பதற்கு முன், இடையில் உள்ள நேரம் பார்த்துப் போடுகிறார்கள். இதில் ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதமும் பிள்ளை தாயின் காப்பும் இல்லாமல், ஊசியின் காப்பும் இல்லாமல் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்த குழந்தை அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது தவணை எதற்கு? ஒன்பதாம் மாதத்தில் போட்டால் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். மீதிப் பேருக்கு 16 மாதத்துக்கு மேல் போடும்போது பிடித்துக்கொள்ளும். முதல் முறை நடத்தும்போது புரியாத பிள்ளைகளுக்காக நாம் திரும்ப ஒரு முறை பாடம் நடத்தவில்லையா, அதே மாதிரி. தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய் என்பதால் 100-க்கு 95 பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் ஊரில் அது கால் ஊன்றாது. 2022-ன் கடைசியில் மும்பையில் பரவி, குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். நம் சிப்காட்டுக்கு எந்தெந்த மாநிலத்திலிருந்தோ குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகளும் எங்கெங்கோ போய் வருகிறார்கள். ரயில் டிக்கெட் இல்லாமலே நோய் வந்துவிடும்.

இப்போது எனக்குச் சங்கடமான விஷயம். என் தப்பைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொன்னால் அது நியாயமாகாது.

2017 பிப்ரவரி. தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம். தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கினார்கள். ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரை எல்லோருக்கும், முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு முறை. பள்ளிக்கூடத்திலேயே போடுவார்கள் என்று அறிவிப்பு. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இது வெளிநாட்டுச் சதி, பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, எங்கேயோ ஒரு பள்ளியில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள் என்றெல்லாம். இந்தத் தெரு, அந்தத் தெரு, இந்த மதம், அந்த மதம் என்று இல்லை, எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாடு முழுக்கவே பெற்றோர் பயந்து, முகாமின் நாட்களை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

முகாமுக்கு முதல் நாள் மாலை என் வகுப்புப் பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா போடறேன்" என்றார்கள். எனக்கு அன்று ரூபெல்லா என்றால் என்ன என்றே சரியாகத் தெரியாது. மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டேனே தவிர, படித்துப் பார்க்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விடியும் என்ற பயமும் இருந்தது. "கவர்மெண்ட்டு சொல்றாங்கம்மா. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

மறுநாள் என் வகுப்பில் 34 பேரில் 15 பேர்தான் வந்தார்கள். அந்த அம்மாவின் பெண் வரவில்லை.

அப்புறம் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான ஜுரம், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒரு கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால் வயிற்றில் உள்ள குழந்தையைத் தாக்கும். பிறவியிலேயே காது கேட்காமல், கண்ணில் புரையோடு, இதயத்தில் ஓட்டையோடு பிறக்கலாம். பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காமல் செய்யும் என்று வதந்தி பரவியதே, உண்மையில் அந்த ஊசி போட்டதே அந்தப் பெண்கள் நாளைக்குப் பெறப்போகும் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான்!

அன்று எட்டு வயதுப் பெண் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் மணப்பெண்கள். என் வகுப்பில் அன்று வராத 19 பேரில் எத்தனை பேருக்குப் பிறகு போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. "போடுங்கம்மா, என் பேத்தியா இருந்தா நான் போடுவேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா அரசாங்கம் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அது அவர்களுக்கே தெரியும். டீச்சர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். நான் நழுவிவிட்டேன்.

இதைப் படிக்கிற 2017 வகுப்புப் பிள்ளைகளே, அன்று போடாதவர்கள் இருந்தால் வீட்டில் கேளுங்கள். அதற்கு முன்னால் படித்த என் பெண்களே, நீங்களும்தான். 2017-க்கு முன் அரசுத் திட்டத்தில் ரூபெல்லா ஊசியே இல்லை. திருமணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி போடக்கூடாது, போட்ட பிறகும் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும். அதனால்தான் முன்பே யோசிக்கச் சொல்கிறேன்.

பயப்படுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2008 ஏப்ரலில் நமக்குப் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அதை மறைத்துவிட்டு தடுப்பூசி பற்றிப் பேசினால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் கிராமத்துக்கே வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று மாற்றினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தது. ஆனால் தெருக்கோடியில் கிடைத்த ஊசிக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அதன் பலனைப் பாருங்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 100-க்கு 81. இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். பத்து ஆண்டு கழித்து, 2015-16-ல் அது 70-க்குக் கீழே போய்விட்டது. நம் தாய்மார்கள் பத்தே ஆண்டில் அறிவு குறைந்துபோனார்களா? இல்லையே. எல்லாம் அந்த ஒரு மாற்றத்தால்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் தூரமும் பஸ் செலவும் போகிற கூலியும் எவ்வளவு பெரிய தடை என்று அந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது. பிறகு 2019-21 கணக்கெடுப்பில் 89-க்கு ஏறியது. மகிழ்ச்சிதான். ஆனாலும் 100-க்கு 11 பேர் பாக்கி. என் வகுப்பில் 100-க்கு 11 பேர் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தால் நான் தூங்கியிருப்பேனா?

நான்கு குழந்தைகளை இழந்தபின் நாம் கேட்க வேண்டியது "ஊசியே வேண்டாம்" என்பதை அல்ல. சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்க வேண்டும். கேட்பது தாயின் உரிமை. மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். தட்டம்மை மருந்து தூளாக வரும், அதற்கென்று கொடுத்த நீரில் மட்டுமே கரைக்க வேண்டும், கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஊசி ஒரு முறை குத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். "எப்ப கரைச்சீங்க நர்சம்மா?" என்று கேளுங்கள். நல்ல நர்சம்மா கோபப்படமாட்டார், காட்டுவார்.

இனி வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும். உங்களில் சிலர் அனுப்பும் ஆங்கிலக் கட்டுரைகளையும் பார்க்கிறேன். அம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது 1998-ல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை. 2010-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதியவரின் டாக்டர் பதிவையே பறித்துவிட்டார்கள். கதை மட்டும் இன்னும் சுற்றுகிறது. 2000-ல் தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று அறிவித்த அமெரிக்காவில், 2025-ல் டெக்சாஸில் அது மறுபடி பரவி, ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தன. அங்கே மருத்துவமனை இல்லையா, கார் இல்லையா? நம் ஊர்த் தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே நம்பிக்கை கிடைக்கவில்லை. குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. பக்கத்து ராணிப்பேட்டையில் 1932-லிருந்து கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் அங்கே தடுப்பு மருந்து தயாரிக்கிறார்கள். மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடித்த வெக்கை நோய் உலகத்திலேயே இல்லை என்று 2011-ல் அறிவித்தார்கள். தடுப்பூசியால்தான் அது போனது. தோல் தொழிலில் பிழைக்கும் ஊருக்கு மாட்டின் அருமை தெரியாதா? கோமாரி ஊசி போடுகிறார்கள் என்று சொன்னால் விடியற்காலையிலேயே மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். அப்போது யாரும் வாட்ஸ்அப்பைப் பார்ப்பதில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம். டீச்சர் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா?

கம்பெனிகளில் சூப்பர்வைசராக, மனிதவளப் பிரிவில், மேலாளராக இருக்கும் என் மாணவர்களே, உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். ஒரு குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் ஒரு நாள், ஒன்றரை வயதில் ஒரு நாள். அட்டையைக் காட்டினால் அந்த இரண்டு நாளுக்கும் அட்டெண்டன்ஸ் பணத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால், அதிகாரம் உள்ளவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காப்பகம் இருந்தால் அங்கேயே நர்சம்மாவை வரவழைக்க முடியுமா என்று சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் என்னிடம் லீவு லெட்டர் எழுதக் கற்றுக்கொண்டவர்கள். அதில் "தாங்கள் அனுமதி அளிக்குமாறு" என்று ஒரு வரி வரும். இன்று நான் உங்களிடம் அதைக் கேட்கிறேன்.

பாட்டி, தாத்தா, அத்தை, சித்திகளே, அம்மாவால் போக முடியாவிட்டால் நீங்கள் தூக்கிக்கொண்டு போகலாம், அட்டை கையில் இருந்தால் போதும். போட்ட இரவு ஜுரம் வந்தால் நர்சம்மா கொடுத்த அளவு மருந்தைக் கொடுத்து, மடியில் வைத்திருங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் லேசாக ஜுரம் காயலாம், பயம் வேண்டாம். குழந்தை துவண்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

தவணை தவறியவர்களே, "இனிமே போனா நர்சம்மா திட்டுவாங்க" என்று இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். தட்டம்மை ரூபெல்லா ஊசியை அரசு நிலையத்தில் ஐந்து வயது வரை போடுகிறார்கள். சாதாரண சளி இருமல் இருந்தாலும் போடலாம்.

குரூப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிடும் உறவுகளே, அனுப்புவதற்கு முன் அந்த மாமியாரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு விரலால் தள்ளியது ஒரு குழந்தையின் அட்டையில் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறது. இனி நானும் சும்மா இருக்கமாட்டேன். குரூப்பில் வந்தால் அங்கேயே பதில் சொல்வேன், வயதில் மூத்தவர் என்றும் பார்க்கமாட்டேன்.

அந்தப் பெண்ணின் மாமியாரை நேற்று மாலை போய்ப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். காபி கொடுத்தார். ரொம்ப நேரம் பேசினோம். அவருக்கும் ஒரு பிள்ளை அம்மையில் போயிருக்கிறது. மருமகளுக்குக்கூட அது தெரியாதாம். "நீங்க கூட வரீங்களா டீச்சர்?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

நாளை புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் போகிறோம், நான், அவர், அந்தக் குழந்தை. அதன் அம்மா வேலைக்குப் போகட்டும்.

படித்துவிட்டு கை கூப்பும் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், உங்கள் கம்பெனியில் வேலை செய்பவர் வீட்டில் இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை இருந்தால் இன்றைக்கே அட்டையை வாங்கிப் பாருங்கள். காலிக் கட்டம் இருந்தால் அது யாருடைய புதன்கிழமையால் நிரம்பும் என்று யோசியுங்கள். என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்து டிக் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வாலாஜாபேட்டை.